தெரியாமலைக்கு வேறு பெயர் வேண்டாம்

நடைக்குழுவின் தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார் அவர்களே, வயல் வேலையை ஒரு காலைக்கு ஒத்திவைத்து வந்திருக்கும் பெரியோர்களே, சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இவள் பேச்சு எப்போது முடியும் என்று பார்த்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே! உங்கள் எல்லோர்மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். காரைதீவிலிருந்து வந்த உறவுகளுக்கு என் கனிந்த வணக்கம்.

இந்த மலையின் ஏறுபாதையை இன்று திறக்கிறோம். பாதை தயார், பலகையும் தயார். பலகையில் பெயர் மட்டும்தான் இல்லை! தெரியாமலை என்ற பெயர் ஊருக்கு இழுக்கு, எழில்மலை என்று மாற்றுவோம் என்கிறார் தலைவர். முடிவைச் சபையிடம் விட்டிருக்கிறார். நான் பழைய பெயருக்காக வாதாட வந்திருக்கிறேன்.

எதனால் இழுக்கு? அந்தக் காலத்தில் நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரத் துரை, வயலில் நின்றவரிடம் மலையின் பெயரைக் கேட்டாராம். "தெரியா" என்றாராம் அவர். துரை அதையே வரைபடத்தில் எழுதிக்கொண்டு போனாராம். சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "ஊரில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியா எண்டு நாமளே எழுதி வைக்கிறதா டீச்சர்?" என்றார்.

தெரியாது என்பது அத்தனை கேவலமா? இந்த மலை எப்படி எழும்பியது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இது எழும்பவே இல்லை! பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை இது. மூடியிருந்த மண்ணைக் கோடிக்கணக்கான ஆண்டுகளின் மழை கரைத்தது, கரையாதது நின்றது. தொட்டுப் பாருங்கள், மருதமுனைத் தறியில் நெய்த சாரம்போல வரிவரியாக இருக்கும். இதைப் படிப்பிக்கிற எனக்கே, பெயரின் பொருள் போன கிழமைதான் புரிந்தது.

நம் குழுவின் சாய்ந்தமருது றஸ்னாவும் நானும் பாதை பார்க்க ஏறினோம். அபாயாவின் விளிம்பை ஒரு கையில் பிடித்து, வழுக்கலான இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். உச்சியில் நின்றால் கீழே வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் கடல். மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்த கணவர் ஷரிபுதீனுக்கு றஸ்னா போனில் கோல் எடுத்தாள்.

"இஞ்ச பாருங்க, நான் மலை உச்சியில நிக்கன். தெரியுதா?"

"மலையே தெரியா! நீ எங்க தெரியிற?"

அவள் முகம் மாறியது. "மலை தெரியா எண்டா கனதூரம் போயிட்டீங்க. காத்தும் மாறுது. வலைய இழுத்துப் போட்டுட்டு வாங்க!"

"ஓம் ஓம், திருப்பிட்டன். மலையில ஏறினதும் அதிகாரமும் ஏறிட்டு!"

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடியே நின்றாள். வெகுநேரம் பொறுத்து அவரே அழைத்தார். "இப்ப தெரியுது" என்றார். அதன்பிறகுதான் றஸ்னா தண்ணீர் குடித்தாள்.

சொல்லுங்கள் சபையோரே! தெரியா என்றால் அறியாமை மட்டுமா? வயலில் நின்றவருக்கு அது பெயர் அறியாத மலை. கடலில் நிற்பவருக்கோ கண்ணுக்குத் தெரியாத மலை! எந்தப் பொருள் முந்தியது? எனக்கும் தெரியா! ஆனால் எழில் எந்த மலைக்குத்தான் இல்லை? எல்லா மலைக்கும் பொருந்தும் பெயர் நம் மலைக்கு எதற்கு? திரும்பு என்று சொல்லும் பெயர், தூரம் போகாதே என்று தடுக்கும் பெயர், கரைக்கு வா, வீட்டுக்கு வா என்று கணவனை, மகனை, வாப்பாவை அழைக்கும் பெயர் நம்மிடம் இருக்கும்போது, அதையா அழிப்பது?

தெரியாமலையே வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்! அடேயப்பா! தலைவர் அவர்களே, திரும்பிப் பார்க்கிறேன், உங்கள் கையும் உயர்ந்திருக்கிறதே!

பலகை எழுதும் தம்பிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'லை' என்பதை 'லே' ஆக்கிவிடாதீர்கள். தெரியாமலே ஆகிவிடும்!

செவி தந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வெயில் ஏறுமுன் நாம் ஏறுவோம். வணக்கம், வஸ்ஸலாம்!