நாப்பதாயிரத்துக்கு ஒரு இன்ஜின்

டீ வேணாம் ஸ்ரீதரு. நாற்காலியும் வேணாம். கார் பானட்டைத் தொற.

ஆங், நேத்தோட கார் ரேலி முடிஞ்சிபோச்சு. கப்பு வாங்கிட்ட. காலைல மலையேறி மொட்டையும் போட்டுகினு வந்துட்ட. தெரியுது. அத விசாரிக்க வரல.

சட்டமா? உனக்கு மறந்திருக்கும். எழுதினவன் நான், எனக்கு மறக்கல. சின்ன கார் பிரிவு. கம்பெனில இருந்து இன்ஜின் எப்டி வந்துதோ அப்டியே ஓட்டணும். பிஸ்டன் மாத்தக் கூடாது, உள்ள ஒரு இடம் சீவக் கூடாது. ஏன்? டிராக்டர் ஓட்டுறவனும் ரேலி ஓட்டணும்னுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கிற நீ மூணு லட்சத்த உள்ள எறக்கினா அவன் இன்னா பண்ணுவான்?

இரு, முடிக்கல. ஜெயிச்சவன் இன்ஜினை, அதே ரேலிய ஓட்டி முடிச்ச எவன் கேட்டாலும் நாப்பதாயிரத்துக்குக் குடுத்துடணும். மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள கேக்கணும். குடுக்கலன்னா கப்பு போச்சு, ரெண்டு வருஷம் ஓட்டவும் முடியாது. நாப்பதாயிரத்துக்குப் போயிடற பொருள்ல எவனும் மூணு லட்சம் போட மாட்டான். அவ்ளோதான் கணக்கு.

சிரி, நல்லா சிரி. ஆறு வருஷமா ஒருத்தனும் கேக்கல, ஆங். எப்டிக் கேப்பான்? பள்ளிப்பட்டுல இருந்து கனகம்மாசத்திரம் வரைக்கும் அத்தினி பேரும் உன் கடைலதானே பார்ட்ஸ் வாங்கறான். டிராக்டர் ஓட்டற பூபாலன் வாயத் தொறந்தா மறுநாள் கிளட்ச் பிளேட்டு ஸ்டாக் இல்லம்ப.

இன்னா? ரேலில இன்ஜினைச் சோதனை பண்றவனுக்கு வாங்கற உரிமை இல்லியா? கரெக்டு. இல்ல. ஆனா இந்த வருஷம் நான் சோதனை பண்ணலியே. உன்கிட்ட மெக்கானிக்கா இருந்து நின்னுட்டானே பரசுராமன், இன்ஜினுக்குள்ள நீ பண்ண வேலையப் பத்தி அவன் பொங்கலப்போ வாய விட்டான். மறுநாளே சோதனைக்காரன் பேட்ஜைக் கழட்டிக் குடுத்துட்டேன். நீ எங்க பாத்த? போட்டோவுக்கு நிக்கத்தான் உனக்கு நேரம்.

கடசியா ஒரு நீலக் காரு வந்துதே, சைலன்சர் தொங்கிகினு. இது இன்னா சாமி ஊர்வலமான்னு கைதட்டினியே. உள்ள ஹெல்மெட்டு மாட்டிகினு இருந்தது நான்தான். அறுவத்தொம்போது வயசு. இடுப்பு போச்சு. பினிஷ் லைனைத் தாண்டிட்டேன்ல? இந்தா பாரு தாளை. பதினெட்டாவது, கஜபதி. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்குது.

கத்தாத. நாப்பதாயிரம் இந்தப் பையில இருக்குது. புடி.

நானா? ஓட்டறதுக்கா? தூ. குமரேசன் வூட்டு வாசல்ல சாக்கு விரிச்சு, நட்டு நட்டாக் கழட்டி வெக்கப் போறேன். ஆங், என் மவன்தான். போன வருஷம் உன்கிட்ட நாலு செகண்டுல தோத்தவன். அதோட கார வித்துட்டான். இப்ப அரக்கோணத்துல லோடு ஆட்டோ ஓட்டறான். என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல.

அன்னிக்கு உன்னோட இதே இன்ஜினை மேலோட்டமாப் பாத்துட்டு, தொறக்காமலே கையெழுத்து போட்டவன் நான். நைனா, உள்ள ஏதோ இருக்குது, தொறந்து பாருன்னு அவன் கெஞ்சினான். அத்தினி பேர் முன்னால நான்தான் சொன்னேன், இன்ஜின் சுத்தமா இருக்குதுடா, உன் கைதான் சரியில்லன்னு.

இன்னும் இன்னா பாக்கற? பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு.