கேள்விக்கு மட்டும் வரும் இரைச்சல்

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காளும் தங்கையும். துபாயில் இருக்கும் புருஷனோடு பிரௌசிங் சென்டரில் நெட் போன் பேசிவிட்டு வருகிறாள் தங்கை.

"எப்ப வருவீகன்னு கேட்டா மட்டும் இரையுதுக்கா" என்றாள். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"ஃபேன நிப்பாட்டச் சொன்னியா?"

"நிப்பாட்டியாச்சு. வேர்த்து ஊத்துச்சு."

"ஹெட்போனு?"

"புதுசு மாத்திக் குடுத்தாக. மைக்கு வாய்கிட்ட இருந்தா மூச்சுக் காத்து பட்டு இரையுமாம், தள்ளி வைக்கச் சொன்னாக. தள்ளியும் வச்சேன்."

"பிறகுமா?"

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னேன், நல்லாக் கேட்டுச்சு. மழையில திராட்சை வெடிச்சுப் போச்சுன்னேன், அதுவும் கேட்டுச்சு. எப்ப வருவீகன்னேன். உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். பிறகு, 'லைன் சரியில்ல, வைக்கிறேன்'னாக. அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அக்காள் தங்கை பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏ ஆத்தா, நீ மைக்கத் தள்ளி வச்ச. அங்கன அவரு?"

"கிட்ட வச்சு ஊதுறாக."

"தெரியுமா ஒனக்கு?"

"போன மாசமே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா வாரா வாரம் போய்க் கேக்குற?"

"ஊதுற வரைக்கும், வரமாட்டேன்னு சொல்லலதானக்கா."