அன்புராசா வகுப்பு எடுக்கவில்லை

கீழே கார் விட இடம் கிடைக்கவில்லை, தனுஷிகா. இடியப்பக் கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்து வந்தேன். அதுதான் சுணக்கம், குறை நினைக்க வேண்டாம். எங்கள் யூனியன்வில் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

தமிழிலேயே சொல்லுங்கோ சேர், பிறகு நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன் என்றீர்கள். நல்லது. அன்புராசாவின் வழக்கறிஞர் நீங்கள். அவருடைய அகதி விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டவரும் நீங்கள்தான். அங்கே நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் சொன்னேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

என்னை நீங்கள் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு கேட்கத் தொடங்க வேண்டாம். முப்பது வருசத்துக்கு மேல் இந்த ரொறன்ரோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் சிந்தனை வரலாறு படிப்பித்தேன். வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் மறியல் வரிசையைத் தாண்டி ஒருநாளும் உள்ளே போனதில்லை. மாணவர்களோடு பனிக்குள் நின்றேன், கோப்பி வாங்கிக் கொடுத்தேன். இடதுசாரிப் பேராசிரியர் என்றால் இங்கே இராஜரட்ணம் என்றுதான் சொல்வார்கள். அதற்கெல்லாம் காரணம் ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு கருத்துத்தான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி.

கருத்து இதுதான். யாழ்ப்பாணத்தில் யார் யாருக்குக் கீழே வேலை செய்வது என்பதைக் காணி உறுதிப் பத்திரத்துக்கு முன்பே கிணறு தீர்மானித்துவிட்டது. அள்ளிக் குடிக்க உரிமை இல்லாதவன், தண்ணீர் ஊற்றுகிறவனின் தோட்டத்தில் அவன் சொன்ன கூலிக்குத்தான் நிற்பான். இதைச் சொன்னதற்காக என்னை லண்டனுக்குக் கூப்பிட்டார்கள், டெல்லிக்குக் கூப்பிட்டார்கள், நிரந்தரப் பதவி தந்தார்கள்.

முன்னுரையில் நான் பொய் எழுதவில்லை என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். இது கொக்குவிலில் நடந்த ஒரு வாசிப்பு வட்டத்தில் கூட்டாகப் பிறந்த சிந்தனை, தனி உரிமையாளர் கிடையாது என்று எழுதினேன். எல்லோரும் என் அடக்கத்தைப் புகழ்ந்தார்கள். பெயரில்லாத கூட்டத்தின் கருத்து என்றால், கடைசியில் அது அட்டையில் பெயர் உள்ளவனின் கருத்துத்தான். அது எனக்கு அப்போதே தெரியும்.

ரியூட்டரி ஒன்றின் பின்னறையில் ஆறு பேர் கூடுவோம். பொலிசுக்குப் பயந்து ஒரு விதி வைத்திருந்தோம்: குறிப்பில் பெயர் போடக்கூடாது, வகுப்பு முடிந்ததும் குறிப்பைக் கொளுத்திவிட வேண்டும். ஆகவே அந்த வட்டத்துக்கு ஒரு துண்டுக் கடதாசிகூடச் சாட்சி இல்லை. ஆறு பேரில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். வகுப்பு எடுத்தவர் அன்புராசா. பகலில் அதே ரியூட்டரியில் கணக்குப் படிப்பித்தவர். கிணற்றைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். அவருடைய தாய் எங்கள் வளவுக் கிணற்றடியில் குடத்தோடு காத்து நிற்பா. எங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் அவவுக்குத் தண்ணீர்.

அந்தக் காலத்து இடதுசாரிகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதித் தோழர் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டும். சாதியை விட்டுவிட்டோம் என்பதற்கு அதுதான் எங்கள் அத்தாட்சி. வகுப்பு முடிந்ததும் அன்புராசா போட்டுத் தருவார், நாங்கள் ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிப்போம். நாங்கள் யாராவது அவருக்குப் போட்டுக் கொடுத்தோமா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் தேத்தண்ணிக் கதையை ரொறன்ரோவில் எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

முந்தின வருசம் அன்புராசா இங்கே வந்து சேர்ந்தார். இந்த வயதிலும் ஊரில் இளம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். வகுப்புக்கு வந்த இரண்டு பேரைப் பொலிசார் பிடித்து, உங்கட சேர் ஆர் என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். அவர் அரசியல் ஆசிரியர் என்று இந்த நாடு நம்பினால் இங்கே இருக்கலாம், நம்பாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

அஜக்ஸில் தன் மருமகன் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். போய்ப் பார்த்தேன். கட்டிலில் என் புத்தகம் கிடந்தது.

“உம்மட புத்தகம் வாசிச்சன் ரட்ணம். கிணத்துப் பகுதி நல்லா வந்திருக்கு,” என்றார்.

அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். ஏன் என் பெயரைப் போடவில்லை என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. வருசக்கணக்காக வைத்திருந்த பதில். அவர் கேட்கவில்லை.

“நான் வகுப்பு எடுத்தனான் எண்டு மட்டும் சொல்லும். வேற ஒண்டும் வேண்டாம்.”

ஓம் என்றேன். அந்த நேரம் மனதாரத்தான் சொன்னேன். காரடி வரைக்கும் வந்து, 401 நெடுஞ்சாலையில் பார்த்துப் போகச் சொன்னார். ஒரு தரம் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாத மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்ல வாய் கூசுகிறது.

விசாரணை வீடியோவில் நடந்தது. வீட்டு வாசிப்பறையில் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விசாரித்த பெண்மணி மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த வட்டத்தில் வகுப்பு எடுத்தவர் இவரா என்று கேட்டார். அது கூட்டு முயற்சி, ஆசிரியர் என்று ஒருவர் இருக்கவில்லை என்றேன். அப்படியானால் இவருடைய பங்கு என்ன என்று கேட்டார்.

தேத்தண்ணி போட்டவர் என்றேன். நாங்கள் பாகுபாடு பார்க்காமல் எல்லோரும் வாங்கிக் குடித்தோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, தனுஷிகா. விருந்துகளில் சொல்லிப் பழகிய அதே குரலில்தான் சொன்னேன். திரையில் சின்னச் சதுரத்துக்குள் அன்புராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தீர்கள். நான் மாற்றவில்லை.

புத்தகத்தைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அகதி விசாரணை மூடிய கதவுக்குள் நடப்பது. அங்கே சொன்னது வெளியே வராது என்பதை நீங்களே எனக்கு முதலில் விளங்கப்படுத்தினீர்கள். ஓம் என்றிருந்தால் ஒரு விமர்சகனும் அறிந்திருக்க மாட்டான், புத்தகத்துக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அவர்தான் ஆசிரியர் என்பதை என் வாயால் சொல்லி நானே காதால் கேட்க வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். அது எனக்கு முடியவில்லை. அதற்காக ஒரு மனிதனைக் கொடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி பார்த்து முகம் வழிக்கவே வெட்கமாக இருக்கிறது.

அவருடைய கோரிக்கையை நிராகரித்தார்கள். சாட்சியத்தைத் திருத்தித் தரச் சொல்லி நீங்கள் எடுத்த போன்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. யூனியன்வில் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். மார்ச் மாதம் அவரை அனுப்பினார்கள். அங்கே இறங்கியதும் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை மருமகன் உங்களுக்குச் சொல்ல, நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். வகுப்பு எடுக்கிற சேர் நீதானே என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் ஆசிரியர் இல்லை என்ற கனடாத் தீர்ப்பு அவருடைய பையிலேயே இருந்தது. ஆனால் அவர், “ஓம், நான்தான் எடுத்தனான்,” என்றிருக்கிறார். என்னிடம் கேட்ட அதே கேள்வி. நான் கதகதப்பான அறையில், நல்ல நாற்காலியில் இருந்து பதில் சொன்னேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பு எடுத்தவர் அன்புராசா. கருத்து அவருடையது. சத்தியம் செய்து பொய் சொன்னவன் நான். இனி இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் எழுதியதை எங்கேயும் அனுப்புவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவரை அங்கே வைத்திருப்பதே அவர் ஆசிரியர் என்பதற்காகத்தான். அவர் ஆசிரியர் இல்லை, வெறுமனே தேத்தண்ணி போட்டவர் என்று ஒரு கனடாப் பேராசிரியர் சத்தியம் செய்து சொன்ன சாட்சியம் நம் கையில் இருக்கிறது. அங்குள்ள வழக்கறிஞர் அதைக் காட்டினால் விட்டுவிடக்கூடும். அது நிற்க வேண்டுமானால் நான் பேச்சு மாறியதாகத் தெரியக்கூடாது. இன்று சொன்னதெல்லாம் இந்த அறையோடு இருக்கட்டும். புத்தகத்தின் அடுத்த பதிப்பும் இருக்கிறபடியே வரட்டும்.

பேனையை வைத்துவிட்டு என்னை அப்படிப் பார்க்காதீர்கள், பிள்ளை. எனக்காக இல்லை. அன்புராசாவின் உயிருக்காகத்தான் சொல்கிறேன்.