குற்றாலிங்கத்தின் டாங்கி

சாரல் காலத்தில் பெயின்ட் லேசில் காயாது, இன்ஸ்பெக்டர். இலஞ்சியில் ஆனி பிறந்துவிட்டால் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே நாள்கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுக்காதவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்.

டாங்கியை எங்கள் கூடத்தில் பார்த்தீர்கள். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளை நானே ஒட்டினேன். சங்கிலிச் சக்கரத்தின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. பச்சை அடித்ததும் அது கடைப் பொம்மை போலத்தான் இருந்தது. போருக்குப் போய்வந்த வண்டியாக ஆக்குவது அதற்கு அப்புறம்தான். விளிம்பில் பச்சையைச் சுரண்ட வேண்டும். பழுப்பை நீர்க்கக் கரைத்து ஆணிகளைச் சுற்றி வழியவிட்டு, துருப்பொடி தூவி, எதுவும் உதிராமலிருக்கக் கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கை அடிக்க வேண்டும்.

எழுபத்தொன்றாம் வருஷப் போரில் என் தம்பி குற்றாலிங்கம் ஓட்டிய வண்டியின் அச்சு அது. அந்த வண்டி தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்களை இழுக்கப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன் என்றுதான் இந்த வட்டாரம் அவனை அறியும். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் அவன் பெயர்தான் முதலில் வரும்.

பள்ளிக்கூட விழாவில் டாங்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஏற்பாடு. அந்தத் தீயில் போன முகம்மது மீரானின் தங்கை ஜாஹிரா பீவியை அச்சன்புதூரிலிருந்து அழைத்திருந்தோம். விழாவுக்கு முந்தின மாதம் தம்பி வந்து டாங்கியைப் பார்த்தான்.

"எங்க வண்டி இவ்வளவு அழகா இருந்ததில்ல அண்ணாச்சி. மாப்பிள்ளைக்குப் பவுடர் போட்ட மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தான். பிறகு டிரைவர் ஏறி இறங்கும் மூடியை நகத்தால் நெம்பினான்.

"ஒட்டிட்டியளா? இது தெறந்துல்லா கெடக்கணும். நான் தெறந்துட்டு ஓடிட்டேன். மீரான் உள்ள இருந்து என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நான் திரும்பிப் பாக்கல."

"கையில தழும்பு?"

"மூடி சுட்டது."

"இத்தன வருசம் எங்கிட்ட சொன்னியாலே?"

"நீங்க சொல்ல விட்டியளா? நான் வாயத் தொறக்குமுன்னே ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டிய. மீரான் தங்கச்சி எங்க பாத்தாலும் என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடுது. மேடையில அதுகிட்ட சொல்லிருதேன்."

நான் நியாயமாகத்தான் பேசினேன். அப்பா பெயர் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அப்பா டாங்கிக்குள்ள இல்லையே அண்ணாச்சி" என்றான்.

அதற்குமேல் ஒருவனிடம் என்ன பேசுவது.

எங்கள் தோப்புப் படித்துறையில் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. அவன் முழங்கால் வலிக்காரன். காலையில் அதன்மேல் உடம்பைச் சாய்த்துத்தான் தண்ணீருக்கு இறங்குவான். மலையில் மழை, கால்வாய் கரைமுட்ட ஓடியது. அவன் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது கைப்பிடியை அடியில் அறுத்து, சும்மா நிற்கும் அளவுக்கு மட்டும் விட்டேன். அறுத்த வாய் வெள்ளியாய் மின்னியது. அதை அப்படியே போட்டுவிட்டு வர என் கை ஒப்பவில்லை. பழுப்பும் செம்மையுமாகப் பூசி, பொறுத்துக் காயவிட்டு, பல வருஷத் துருவாக ஆக்கினேன். ஆனதும் நானே சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் விழுந்தபோது நான் கரையில்தான் இருந்தேன். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். நான் ஓடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மதகடியில் தலை மறையும்வரை நின்று பார்த்தேன். அது அவனால் முடியாத காரியம்.

துரு தின்ற கம்பி ஒடிந்தது என்று எல்லோரும் போய்விட்டார்கள். நீங்கள்தான் குனிந்து விரலால் தேய்த்தீர்கள். விரல் சுத்தமாக இருந்தது. நிஜத் துரு கையில் ஒட்டும். நான் பழக்க தோஷத்தில் அதற்கும் வார்னிஷ் அடித்திருந்தேன். அரைகுறையாக ஒரு வேலையை விடுவது எனக்கு ஆகாது.

அவன் சாவுக்குத் தென்காசி, செங்கோட்டை என்று எல்லா ஊரும் வந்தது. முன்னாள் ராணுவத்தார் கொடி போர்த்தினார்கள். அவன் பெண்டாட்டி பேராச்சியைக் கட்டிக்கொண்டு ஜாஹிரா பீவி அழுதாள். அவன் மேடையேறியிருந்தால் அவள் காறித் துப்பியிருப்பாள். அந்த மரியாதையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது யார் என்று நீங்களே யோசியுங்கள்.

அறுத்தது நான், கொன்றது நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் மட்டும் தோப்புத் தகராறு என்று போடுங்கள். சொத்துக்காக அண்ணன் தம்பியைக் கொன்றான் என்றால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடும். எங்கள் குடும்பத்தின்மேல் இதுவரை ஒரு பழிச்சொல் விழுந்ததில்லை. இனியும் விழக்கூடாது.