தண்ணீர் கொடுக்காத பகல்

காலை ஆறு பத்து. மூன்றாவது தறியில் மாரிச்சாமி தறியில் விரித்த பாவு நூலின் மேல் கவிழ்கிறான். வாந்தி. விசைத்தறிகள் தடதடக்கின்றன. யாரும் நிறுத்தவில்லை.

"ஏலே, நேத்து யாரு வீட்டுப் பிரியாணி?" பக்கத்துத் தறியில் சிரிப்பு.

அவன் வெளியே ஓடினான். திரும்பவில்லை. முதலாளி கத்தினார். "சாயங்காலம் லோடு ஏத்தணும். தறி நிக்கப்படாது."

என் மனைவி சுகந்தி அந்தத் தறிக்குப் போனாள். பாவின் ஊடே ஓடும் நாடாக் கட்டையில் நூல் தீர்ந்திருந்தது. நூல் சுற்றிய புதுத் தாரைச் செருகினாள். நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி வெளியே இழுத்தாள். எங்கள் தறிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் நூல் கோக்கிறோம். மாரிச்சாமி வாய் வைத்த அதே துளை. அடுத்த முறை நான் உறிஞ்சினேன்.

லோடு சாயங்காலம் போய்விட்டது.

மறுநாள் மதியம் சுகந்தி விழுந்தாள். இருட்டுவதற்குள் நான். வயிற்றைப் பிசையும் வலி. லேசான காய்ச்சல். தண்ணீராகப் போனது. ரத்தம் இல்லை. சீதம் இல்லை. வைரஸ் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கடுத்த நாள் விடியலில் கீர்த்தனா. எங்கள் மகள். ஒன்றரை வயது. குடித்த பாலைப் பீய்ச்சி வாந்தி எடுத்தாள். வயிறும் தண்ணீராகப் போனது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வந்து தூக்கிக்கொண்டார். நான் புழக்கடைச் சுவரைப் பிடித்து நிற்கிறேன். குழந்தை தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். பெரியம்மா செம்பைத் தள்ளி வைத்தார்.

"தண்ணி குடுக்காதீக! குடுக்கக் குடுக்கத்தான் போகுது. வயிறு காயட்டும்."

தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நாங்கள் கொடுக்கவில்லை.

பதினொரு மணி. அழுகிறாள். கண்ணீர் இல்லை. நாக்கு வறண்டிருந்தது. கண்கள் குழி விழுந்தன. காலையிலிருந்து மூத்திரத் துணி நனையவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே நின்றது.

மூன்று மணிக்கு அழுகை நின்றது.

"அசந்து தூங்குறா. எழுப்பாதீக," என்றார் பெரியம்மா.

எழுப்பினேன். எழவில்லை.

ஆட்டோ. திருச்சுழி சாலை. பள்ளங்களில் அவள் தலை ஆடியது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையில் நரம்பு தேடினார். காலில் தேடினார். ஊசி ஏறவில்லை.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "உப்பு சர்க்கரைத் தண்ணி, ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தாலும் விடாமக் குடுக்கணும். இதுக்கு அதான்யா மருந்து."

தறிக்கூடத்தில் எங்களைத் தவிர ஏழு பேர் விழுந்தார்கள். மூன்று நாளில் ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் விழுந்தது மூன்று பேர். எழுந்தது இரண்டு பேர்.