கவிழ்த்து வைத்த கரண்டி

அந்த உணவகம் மிக வேகமாகச் சுற்றியது என்று நிறைய பேர் உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். இறங்கிய பிறகும் தலை கிறுகிறுத்தது என்றுகூட ஒருவர். அப்படியெல்லாம் இல்லை. ஒரு முழுச் சுற்றுக்கு இருபத்திரண்டு நிமிடம். மொத்தம் பதினொரு மேசை. ஒரு மேசை என் ஜன்னலைக் கடக்க இரண்டு நிமிடம். அங்கே பதினான்கு மாதம் நின்றிருக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவைப் பற்றிய கண்காட்சிக்கு நினைவுகள் கேட்டிருந்தீர்கள். உங்களிடம் உள்ள படங்களில் உணவகத்தின் வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது: தகரக் கூரை, நீல எழுத்து, வாசலில் வரிசை. உள்ளே நடுவில் வட்டமான சமையலறை இருந்தது. அது அசையாது. அதைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு தரை. மேசை நாற்காலிகள் அதன்மேல். அடியில் ஒரு மோட்டார். சாப்பிட வந்தவர்கள் கண்ணாடி வழியே குதிரை ராட்டினம், படகுக் குளம், வண்டி நிறுத்துமிடம், மறுபடி குதிரை ராட்டினம் என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல். மேசைகள் இடப்பக்கத்திலிருந்து வந்து அதை உரசிக்கொண்டு வலப்பக்கம் போகும். ஒரு சுற்றில் என்ன வேண்டுமென்று சொல்வார்கள். அடுத்த சுற்றில் தட்டை வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் யாரையும் தேடிப் போக வேண்டாம்.

அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். வேதியியல் முடித்துவிட்டு ஆய்வகங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தேன். நான்கு பேர் நடுவில் நின்றாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலில் பேச வேண்டியது குறைவு. தலையாட்டினால் போதும்.

சமையல்காரரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கனத்த ஆள், மெல்லிய குரல். "உட்கார்ந்த எடத்துல ஊரே நம்மளத் தேடி வருது பாரு, ராஜாவுக்குக்கூட இந்த வசதி கிடையாது" என்பார். நான் சிரித்தால் அன்றைக்கு அவருக்குத் திருநாள். அவருடைய வெள்ளை சாஸைப் பற்றித்தான் உங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி. அதன் ருசிக்குக் காரணம் முந்திரி. நன்றாக ஊற வைத்து, வெண்ணெய்போல அரைத்துச் சேர்ப்பார். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இல்லாமல் தனியாகச் செய்வார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் முந்திரி இல்லாத தட்டில் கரண்டியைக் கவிழ்த்து வைப்பார். எழுதி ஒட்டுவது, கொடி குத்துவது எதுவும் கிடையாது. கவிழ்ந்த கரண்டி என்றால் முந்திரி இல்லை. அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த பாஷை. பதினான்கு மாதத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்தில், என் முழங்கை படும் உயரத்தில், தரையை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆறாவது மாதத்தில் ஒருநாள் அதை அழுத்தினேன். சூப் ஒரு மேசை தள்ளிப் போய்விட்டது, அவ்வளவுதான். தரை ஒரு குலுக்கலுடன் நின்றது. பலருடைய மடியில் தண்ணீர் கொட்டியது. மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர். அவர் என்னைத் திட்டவில்லை. பதினொரு மேசைக்கும் அழைத்துப் போய், ஒவ்வொன்றிலும் என் வாயால் மன்னிப்புக் கேட்க வைத்தார். ஏழாவது மேசையில் எனக்குக் குரல் வரவில்லை. "சத்தமா சொல்லும்மா, அவங்களுக்குக் கேக்கல" என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் பிரேக்கு ஆனேன். பிரேக்கு, டீ போடு. பிரேக்கு, தட்டை எடு. மாஸ்டர் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார்.

இனி அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். தவறு நடந்தால் மேசை திரும்பி வரும்போது சரிசெய்துகொள்ளலாம். அப்படிப் பல தவறுகளைச் சரிசெய்தும் இருக்கிறேன், யாருக்கும் தெரியாமல்.

அந்த நாள் ஒரு விடுமுறை நாள். மதியம் ஒன்றரை இருக்கும். ஆறாவது மேசையில் அப்பா, அம்மா, ஏழு வயதுப் பெண் குழந்தை. பூங்காவில் கொடுக்கும் காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்திருந்தாள். குழந்தைக்கு சாஸ் வேண்டும், முந்திரி மட்டும் கூடாது என்று அம்மா இரண்டு முறை சொன்னார். நான் சீட்டில் குறித்து மாஸ்டரிடம் கொடுத்தேன். குழந்தை ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க சுத்த மாட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பாவம்" என்றாள்.

அடுத்த சுற்றில் ஜன்னல் மேடையில் இரண்டு சாஸ் தட்டுகள் தயாராக இருந்தன. ஒன்று ஆறாவது மேசைக்கு, இன்னொன்று ஏழாவதற்கு. விசில் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே கைக்கு வந்த தட்டை ஆறாவது மேசையில் வைத்தேன். தவறு அவ்வளவுதான். யாருக்கும் நடக்கக்கூடியது. திரும்பியபோது கவிழ்ந்த கரண்டி வைத்த தட்டு என் முன்னால் மேடையிலேயே இருந்தது. மேசை ஒரு சாண் நகர்ந்திருந்தது. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

நான் கையை நீட்டவில்லை. நீட்டினால் ஏன் என்று கேட்பார்கள். விசில் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தக் குழந்தை கிரீடத்தைச் சரிசெய்வதும் வெளியே குதிரைகளை எண்ணுவதுமாக இருந்தாள், கரண்டியைத் தொடவே இல்லை. மெதுவாகச் சாப்பிடுகிற குழந்தை என்று கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு நிமிடத்தில் திரும்பி வருவார்கள், அப்போது மாற்றிக் கொடுக்கலாம். பிறகு ஏழாவது மேசை வந்தது. அவர்களுக்குத் தட்டு கொடுத்தாக வேண்டும். கவிழ்ந்திருந்த கரண்டியை நிமிர்த்தி வைத்துக் கொடுத்தேன்.

ஆறாவது மேசை திரும்பி வந்தபோது தட்டு பாதி காலியாகியிருந்தது. குழந்தையின் உதடு வீங்கியிருந்தது. கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கிரீடம் அப்பாவின் மடியில் கிடந்தது. அம்மாவின் ஒரு கை கைப்பைக்குள் இருந்தது. அதில் ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசி மருந்து இருந்தது என்று விசாரணையில்தான் தெரிந்தது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் எனக்கு அப்போதே தெரியும். அதன் மஞ்சள் முனை வெளியே தெரிந்தது. அது என்ன என்று படித்திருக்கிறேன்.

அப்பா சொன்னார், "ஊசின்னா பயந்து ஊரக் கூட்டிருவா. மொதல்ல கேளு."

அம்மா என்னைப் பார்த்தார். "ஏம்மா, இதுல முந்திரி போடலதானே?"

நான் தலையாட்டினேன்.

எதற்குத் தலையாட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. போடலதானே என்று கேட்டதற்கு ஆமாம் என்றால், போடவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், போட்டிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் முதலாவதாக எடுத்துக்கொண்டார். கைப்பையிலிருந்து கை வெறுமையாக வெளியே வந்தது. "வெயில்ல ஆடுனதுதான், தண்ணி குடி" என்று குழந்தையிடம் சொன்னார். மேசை வலப்பக்கம் போனது. குழந்தை திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அப்போது அது ஒரு தட்டின் தவறு அல்ல. இருபத்திரண்டு நிமிடம் சும்மா இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரம் போகப் போகச் சொல்ல வேண்டியது கூடுகிறது. இது எளிய கணக்கு.

குளத்துப் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். தரையை யாரும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மேசையாக வந்தது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. சிலர் எழுந்து நின்றிருந்தார்கள், சிலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாவது மேசை வந்தபோது அதில் யாரும் இல்லை. தட்டை நான் எடுத்துக் கழுவினேன். அது என் வேலை.

குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தாள். அன்றைக்கு நின்ற தரை மறுபடி சுற்றவில்லை. விசாரணையில் மாஸ்டர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: கரண்டியைக் கவிழ்த்துத்தான் வைத்தேன். அதிகாரி என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: தட்டுகள் ஜன்னலிலிருந்து போகும்போது கரண்டிகள் எப்படி இருந்தன? இரண்டும் நிமிர்ந்து இருந்தன என்றேன். அது உண்மை. மாஸ்டருக்கு மூன்று வருடம் தண்டனை. அடுத்த மாதம் எனக்குக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பும். பக்கத்து மேசைக்காரி கழுத்துவலி என்று நினைத்துத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

மாஸ்டர் இறப்பதற்கு முன் நீங்கள் அவரிடம் பேசியதை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். பலமுறை படித்தேன். "நான் கவிழ்த்துதான் வெச்சேன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். ஆனா அந்தப் பொண்ணு நிமிந்திருந்துச்சுன்னு சொல்லிச்சு. அது பேசாது, பேசினா பொய் வராது. அப்ப நான்தான் மறந்திருக்கணும். ஒரு கொழந்தையக் கொன்னுட்டேன்."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் மறக்கவில்லை. கரண்டி கவிழ்ந்துதான் இருந்தது. தட்டை மாற்றிக் கொடுத்தது நான், பார்த்தும் விட்டது நான், கரண்டியை நிமிர்த்தியது நான், அந்த அம்மாவின் கையைப் பையிலிருந்து வெளியே எடுக்க வைத்தது நான். கண்காட்சியில் 'சமையல்காரரின் கவனக்குறைவு' என்று எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

என்னைப் பற்றித் தவறாக நினைக்க வேண்டாம். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. தானாகப் போய்ப் பேச வராது, அவ்வளவுதான். யாராவது ஒருவர் என்னை நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.