வராதவர்கள் கணக்கு

— தட்டை நகர்த்திட்டு எந்திரிக்காத தம்பி. அக்கா இன்னும் பேசி முடிக்கல.

— சாப்பிட விடுங்க அண்ணி. அப்புறம் திட்டுங்க, நானும் கூடச் சேந்துக்கறேன்.

— நீ சும்மா இரும்மா. உன் புருஷன் என் தலையக் குனிய வெச்சிட்டான். ஆஸ்பத்திரில என் வேலை என்ன? சர்க்கரைக்காரங்கள்ல எத்தன பேரு வருஷா வருஷம் கண்ணக் காட்டிட்டுப் போறாங்கன்னு கணக்கெடுக்கறது. நேத்து மீட்டிங்ல பெரிய டாக்டர் முன்னாடி எந்திரிச்சு, கூப்பிட்டவங்கள்ல பாதிப் பேரு வரலன்னேன். ஏன்னு கேட்டாரு. ஜனங்களுக்கு அக்கறை இல்ல சார்னேன். பக்கத்துல இருந்தவ சிரிக்கறா. உங்க தம்பியும் அந்தப் பாதிலதானே மேடம்ங்கறா.

— இவரு வரலையா?

— ரெண்டு தடவ கூப்பிட்டோம். ரெண்டு தடவையும் ஆள் வரலன்னுதான் போட்ருக்கு.

— என்ன அண்ணி சொல்றீங்க? ரெண்டு தடவையும் கடைக்கு லீவு சொல்லிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாரே. பொழுது சாஞ்சுதான் திரும்பி வந்தாரு. கேட்டா, அடுத்த தடவ வரச் சொல்லிட்டாங்கன்னாரு.

— பாத்தியா? உன்கிட்டயும் புளுகியிருக்கான். எவன்கூடயாவது உக்காந்து அரட்டை அடிச்சிட்டு வந்திருப்பான்.

— ஏங்க, வாயத் திறங்க. எங்கதான் போனீங்க? எனக்கு வயிறு எரியுது அண்ணி. கல்யாணத்துக்கு முந்தியிருந்து தையல் கடைல கட்டிங் மாஸ்டர். இவரு கத்திரி வெச்சா கோடு போட்டாப்பல இருக்கும்னு முதலாளியே சொல்லுவாரு. போன மாசம் கோட்டு தைக்கற துணி ஒண்ணக் கோணலா வெட்டித் தொலைச்சிட்டு வந்து நிக்கறாரு. கண்ணக் காட்டுங்கன்னு கெஞ்சுனேன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுனாரு.

— டேய், சர்க்கரை கண்ணுக்குள்ள போனா சத்தமே போடாதுடா. வலிக்காது, உறுத்தாது. நீ மங்கலா இருக்குன்னு நினைக்கறதுக்குள்ள உள்ள பாதி கெட்டுப் போயிருக்கும். அதுக்குத்தான் வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணுக்குள்ள போட்டோ எடுக்கறது. சின்ன வேலை. அதுக்குக்கூட துரைக்கு நேரமில்ல.

— நேரமில்லன்னு நான் சொன்னேனாக்கா?

— அப்ப என்னன்னு சொல்லு.

— நீ மாடில ஆபீஸ்ல உக்காந்திருக்க. போட்டோ எடுக்கற ரூம் கீழ, அந்த நீட்டு வராண்டாக் கடைசில. நீ அங்க வந்து என்னைக்காவது உக்காந்து பாத்திருக்கியா?

— நான் எதுக்கு உக்காரணும்? யார் வந்தாங்க, வரலங்கறதெல்லாம் எனக்கு மேலயே வந்துரும்.

— நான் வந்தேன். ரெண்டு தடவையும் வந்தேன். டோக்கன் வாங்கி, சாயங்காலம் ரூமப் பூட்டற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தேன். பூட்டறவங்கதான் அடுத்த தடவ வாங்கன்னாங்க.

— வந்திருந்தா கூப்பிட்டிருப்பாங்களேடா.

— அங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லக்கா. சுவத்துல ஒரு போர்டு. அதுல நம்பர் மாறும்.

— ஆமா, கூச்சல் வேணாம்னு புதுசா வெச்சோம். நம்பர் வந்தா எந்திரிச்சுப் போகணும். போகலன்னா ஆள் வரலன்னு போட்டுட்டு அடுத்தவங்களப் பாப்பாங்க. இதுல உனக்கு என்ன கஷ்டம்?

— அது எனக்குச் சிவப்பா ஒரு கறை மாதிரித்தான் தெரிஞ்சுது.

— ஐயோ, அவ்வளவு மோசமாயிடுச்சா? கட்டுனவகிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க.

— சொன்னா நீ அழுவ. கடைக்குத் தெரிஞ்சா கத்திரியப் புடுங்கிருவாங்க.

— இரும்மா, நீ அழாத. ஏன்டா, அங்க கவுன்டர்ல ஒரு பொண்ணு இருக்காளே. கண்ணு சரியாத் தெரியலம்மா, என் நம்பர் வந்துருச்சான்னு அவகிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு உனக்கு என்ன கேடு?

— கேட்டேன்க்கா. போர்டப் பாருங்கன்னாங்க.